காவலர் தேர்வும் உடற்பயிற்சியும்

காவலர் பணி உடல் உழைப்பை அடிப்படையாகக் கொண்டது. வெயிலில் நின்று போக்குவரத்தைச் சீர்செய்தல், திருவிழாக் கூட்டத்தைக் காத்தல், வெள்ளத்தில் சிக்கியோரை மீட்டல், இரவு ரோந்து செல்லுதல் ஆகிய கடமைகள் யாவும் உறுதியான உடலையும் சோர்வறியாத மனத்தையும் வேண்டுவன. எனவே காவலரைத் தேர்ந்தெடுக்கும்போது உடல் தகுதியைச் சோதிப்பது நியாயமே. அச்சோதனைக்கு நம் இளைஞர்கள் எவ்வாறு தம்மை ஆயத்தம் செய்துகொள்கிறார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். முறையாகப் பயின்றவருக்கு அது ஒரு பணிக்கு வாயில். முறையின்றி உடலை வருத்தியவருக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாகவும் முடியக்கூடும்.

மும்பையின் தாராவியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற வேலைகளுக்கும் வந்து குடியேறியோரின் பேரர்கள் இன்று அங்கு வாழ்கிறார்கள். மராத்தியில் படித்து, மராத்தியில் எழுத்துத் தேர்வு எழுதும் அளவுக்கு அம்மாநிலத்தின் மக்களாகிவிட்ட இவ்விளைஞர்களுக்குக் காவலர் வேலை என்பது நிலையான ஊதியம், மதிப்பு, குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் என்று பொருள்படும். போட்டியோ கடுமையானது. 2024-ஆம் ஆண்டு நடைபெற்ற மகாராஷ்டிரக் காவலர் தேர்வில் ஏறத்தாழ 17,500 இடங்களுக்கு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதாவது, ஓர் இடத்துக்கு ஏறத்தாழ நூறு பேர். இப்போட்டியின் அழுத்தம்தான் பல இளைஞர்களைத் தம் உடலின் எல்லையை மறக்கச் செய்கிறது.

சோதனையின் இயல்பு

மகாராஷ்டிரத்தில் அண்மை ஆண்டுகளில் பின்பற்றப்பட்ட முறையில் உடல் தகுதித் தேர்வுக்கு மொத்தம் 50 மதிப்பெண்கள். ஆண்களுக்கு 1,600 மீட்டர் ஓட்டத்துக்கு 20, நூறு மீட்டர் ஓட்டத்துக்கு 15, குண்டு எறிதலுக்கு 15 என அவை பகுக்கப்பட்டன. பெண்களுக்கு நீண்ட ஓட்டம் 800 மீட்டர். மற்ற இரண்டும் அவர்களுக்கும் உண்டு. ஆண்கள் எறியும் குண்டின் எடை 7.26 கிலோ, பெண்கள் எறிவது 4 கிலோ.

1,600 மீட்டரில் முழு மதிப்பெண் பெற 5 நிமிடம் 10 விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். இதன் பொருளை எண்ணிப் பார்த்தோர் குறைவு. மணிக்கு ஏறத்தாழ 18 அரைக் கிலோமீட்டர் வேகத்தில், 400 மீட்டர் கொண்ட ஒவ்வொரு சுற்றையும் 77 அல்லது 78 விநாடியில் கடந்து, நான்கு சுற்றுகளை நிறுத்தாமல் ஓட வேண்டும். அதற்குமேல் காலம் கூடக் கூட மதிப்பெண் படிப்படியாகக் குறையும்.

தமிழ்நாட்டின் முறை இதனின்று சற்று வேறுபட்டது. அங்கு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடினால் போதும். அது தகுதி காணும் ஓட்டமே. அதற்கு மதிப்பெண் கிடையாது. கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம் ஆகியவற்றுக்கே மதிப்பெண்கள் உண்டு. தகுதி ஓட்டத்தில் ஓடுபவர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நிறைவடையலாம். மதிப்பெண் ஓட்டத்திலோ, ஒவ்வொரு விநாடிக்கும் மதிப்பு இருப்பதால், தலை சுற்றினாலும் கால் தடுமாறினாலும் மேலும் விரைய வேண்டும் என்ற உந்துதல் ஏற்படுகிறது. எனவே மதிப்பெண் ஓட்டத்துக்குச் செல்வோர் மற்றவரைவிட நெடுங்காலம் ஆயத்தம் செய்ய வேண்டும்.

2014 தந்த பாடம்

2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மும்பையில் நடைபெற்ற காவலர் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. விக்ரோலிப் பகுதியில் சாலையில் நிகழ்ந்த அவ்வோட்டத்தின்போது பலர் மயங்கி விழுந்தனர். குறைந்தது நான்கு இளைஞர்கள் உயிரிழந்தனர். பருவமழை இறங்குவதற்கு முந்திய, வெக்கை மிகுந்த நாட்கள் அவை. வெளியூரிலிருந்து வந்த பலர் தங்க இடமின்றித் திறந்த வெளியில் இரவைக் கழித்தவர்கள். இத்துயரத்தின் பின் ஓட்டத்தின் தூரம் குறைக்கப்பட்டது. பிற்காலத் தேர்வுகளில் அது 1,600 மீட்டராயிற்று.

தூரத்தைக் குறைத்தது தேவையான சீர்திருத்தமே. ஆயினும் அதனால் மட்டும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2024-ஆம் ஆண்டுத் தேர்விலும் நவி மும்பையில் ஓடிய இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் தேர்வுக்காக நடத்தப்பட்ட 10 கிலோமீட்டர் ஓட்டத்தையொட்டிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தூரம், வானிலை, தேர்வு நடத்தும் முறை, ஓடுபவரின் ஆயத்தம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஓட்டத்தின் பாதுகாப்பை நிர்ணயிக்கின்றன. முதல் மூன்றும் தேர்வு நடத்துவோர் கையில் உள்ளவை. நான்காவது, இளைஞர்களின் கையிலும் அவர்களுக்கு வழிகாட்டுவோர் கையிலும் உள்ளது.

வெப்பமும் ஈரமும்

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, வெப்பமாகவே வெளிப்படுகிறது. இவ்வெப்பத்தை உடல் இருவழிகளில் வெளியேற்றுகிறது: தோலுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்புதல் ஒன்று, வியர்வையை ஆவியாக்குதல் மற்றொன்று. மும்பையின் வெயில், மே மாதத்தில்கூட, 33 அல்லது 34 பாகை அளவில்தான் நிற்கிறது. வேலூரையோ நாகபுரியையோ நோக்க இது குறைவே. ஆனால் கடலோரக் காற்றின் ஈரம் மிகுதி. அக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து தரையில் சிந்துகிறது. சிந்திய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்து, 'இன்று வெயில் குறைவு' என்று முடிவு செய்வது பிழை.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது இராணுவப் பயிற்சிக் களமே. 1950-களில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துப் பாரிஸ் தீவில் கடற்படைக் காலாட்படைக்குச் சேர்ந்த புதியவர்கள் வெப்பத்தால் பெருமளவில் வீழ்ந்தனர். அதனை ஆராய்ந்தோர் காற்றின் வெப்பம், ஈரம், நேரடி வெயில், காற்றோட்டம் ஆகியவற்றை ஒரே அளவாகக் காட்டும் ஈரக்குமிழ்க் கோள வெப்ப அளவை உருவாக்கி, 1957-இல் வெளியிட்டனர். அவ்வளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பயிற்சியைக் குறைப்பதும் நிறுத்துவதும் வழக்கமாயின. அதன்பின் வெப்பத்தால் வீழ்வோர் தொகை வெகுவாகக் குறைந்தது. இன்றும் உலகெங்கும் விளையாட்டுக் களங்களிலும் படைப் பயிற்சிகளிலும் அவ்வளவே பயன்படுகிறது.

வெப்பத்துக்கு உடலைப் பழக்கவும் இயலும். வெக்கையான சூழலில் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பயின்றால், ஏழு முதல் பதினான்கு நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை விரைவில் தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயத் துடிப்பு தணிகிறது. பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களில் இப்பழக்கம் மறைந்துவிடும். கோடையில் வீட்டுக்குள் அடைந்திருந்து, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஓடத் தொடங்குபவர் இப்பாதுகாப்பு ஏதுமின்றியே களத்தில் இறங்குகிறார்.

எலும்பு கேட்கும் அவகாசம்

பயிற்சி தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் மூச்சு சீராகிறது. கால்களில் வலிமை தெரிகிறது. இதனால் ஊக்கமடைந்த இளைஞர் திடீரெனத் தூரத்தை இரட்டிப்பாக்குகிறார். இங்குதான் முழங்காலுக்குக் கீழ் வலி தோன்றுகிறது. இதயமும் தசையும் விரைவில் பழகுவன. தசைநாணும் எலும்பும் மெல்லப் பழகுவன. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து, அதன்பின்னரே புதியதைக் கட்டுகிறது. ஆகவே பயிற்சியின் முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று வலுக் குன்றியிருக்கும். அச்சமயத்தில் ஓய்வின்றி ஓடினால் நுண்ணிய முறிவு ஏற்படும். 1855-ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹௌப்ட், நெடுநடை சென்ற வீரர்களின் பாதங்கள் வலித்து வீங்குவதை விவரித்துள்ளார். அது இத்தகைய முறிவு என்பது பின்னர் விளங்கிற்று.

ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் கூர்மையாக வலிப்பதும், ஓய்ந்திருக்கும்போதும் வலி தொடர்வதும் இம்முறிவின் அடையாளங்கள். வலிநீக்கி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது மிகத் தவறு. மாத்திரை எச்சரிக்கையை மறைக்குமே தவிர முறிவை ஆற்றாது. சில வகை வலிநீக்கிகள், உடலில் நீர் குறைந்த நிலையில், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

தாராவியில் எங்கே பயில்வது?

தாராவியின் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி; அதில் பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். ஓடுவதற்கு 400 மீட்டர் தடம் வாசலில் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது. தொண்ணூறு அடிச் சாலையில் விடியற்காலையில் ஓடலாம். ஆனால் கடினமான சாலைத் தளம் கணுக்காலைச் சோதிக்கும். சரக்கு வண்டிகளும் வரத் தொடங்கிவிடும். எனவே உள்ள இடங்களைப் பகுத்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

வலிமைப் பயிற்சிக்குப் பத்தடி அறையே போதும். தண்டால், பஸ்கி, கால்களை நீட்டி முழங்கைகளில் உடலைத் தாங்கி நிற்றல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், படியில் ஏறி இறங்குதல், மாடிவெளியில் கயிறு தாண்டுதல் ஆகியவற்றுக்குக் கருவி வேண்டுவதில்லை. தண்டாலும் பஸ்கியும் தமிழகத்துச் சிலம்பக் கூடங்களுக்கும் மகாராஷ்டிரத்து அக்காடாக்களுக்கும் பொதுவான சொத்து. தாதர் சிவாஜி பூங்காவில் 1925-இல் தொடங்கப்பட்ட சமர்த்த வியாயாம மந்திர் இன்றும் மல்லகம்பம் கற்பிக்கிறது. சென்னையில் 1920-இல் ஹாரி பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்பயிற்சியை ஆசிரியரைக் கொண்டு படிப்படியாகக் கற்பிக்க வேண்டிய கல்வியாகவே நம் நாட்டில் வளர்த்தது. இவ்விரு மரபுகளும் தனித்தனியே ஒன்றையே வலியுறுத்துகின்றன: வழிகாட்டியின்றி உடலை வருத்தலாகாது.

ஓட்டத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மைதானத்தை நாட வேண்டும். தாராவியிலிருந்து சிவாஜி பூங்கா தொலைவில் இல்லை. அப்பூங்காவைச் சுற்றிய பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது; ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைத்தால் முன்னேற்றம் தானே விளங்கும். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றியுள்ள மரநிழல் சாலைகள் மெதுவான ஓட்டத்துக்கு ஏற்றவை. செம்பூர்ப் பக்கத்தில் வாழ்வோர், குளிர்காலத்தில் விடியற்காலைப் புகைமூட்டம் அடர்ந்திருக்கும் நாட்களில் வேக ஓட்டத்தைத் தவிர்த்து வீட்டிலேயே வலிமைப் பயிற்சி செய்வது நல்லது.

பதினாறு வாரப் பாடம்

விளம்பரம் வெளியான பின் ஓடத் தொடங்குவது காலம் கடந்த முயற்சி. குறைந்தது பதினாறு வாரங்கள் வேண்டும். அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நான்கு வாரங்கள் அடித்தளம் இடும் காலம். வாரத்தில் நான்கு நாள், இருபது முதல் முப்பது நிமிடம், நடையும் மெதுவான ஓட்டமும் கலந்து செல்ல வேண்டும். உடன் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச இயலும் வேகமே சரியான வேகம். ஐந்து நிமிடம் முதல் ஏழு நிமிடம் வரை நீளும் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பிராணவாயுவைப் பயன்படுத்தியே கிடைக்கிறது. மெதுவான ஓட்டமே அத்திறனை வளர்ப்பது. அது வீண் என்று கருதி முதல் நாளே விரைபவர் அடித்தளமின்றிச் சுவர் எழுப்புகிறார்.

ஐந்தாவது முதல் எட்டாவது வாரம் வரை ஓட்டத்தை நாற்பது நிமிடமாக உயர்த்தலாம். இறுதியில் எண்பது மீட்டர் அளவில் நான்கைந்து முறை இலகுவாக விரைந்தோடிப் பழகலாம். வலிமைப் பயிற்சி வாரத்தில் இருமுறை நடைபெற வேண்டும்.

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வாரம் வரை வேகம் கற்கும் காலம். வாரத்தில் ஒரு நாள் மட்டும், தாம் எட்ட விரும்பும் வேகத்தில் 400 மீட்டரை நான்கு அல்லது ஐந்து முறை, இடையே இரண்டு மூன்று நிமிடம் நடந்து, ஓட வேண்டும். இன்று 1,600 மீட்டருக்கு 7 நிமிடம் எடுப்பவர் முதலில் 6 நிமிடம் 20 விநாடியை இலக்காகக் கொண்டால், ஒவ்வொரு 400 மீட்டரும் 95 விநாடி ஆகும். முதல் சுற்றை 80 விநாடியில் பாய்ந்து கடந்து, கடைசிச் சுற்றில் தள்ளாடுவதைவிட, நான்கையும் சீராக ஓடுபவரே முந்துவார்.

இறுதி நான்கு வாரங்களில் 800 மீட்டர் ஓட்டங்களையும், ஒரே ஒரு முறை முழு 1,600 மீட்டரையும் சோதித்துப் பார்க்கலாம். பதினாறாவது வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து உடலைத் தேறவிட வேண்டும். ஒவ்வொரு நான்காவது வாரத்திலும் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது எலும்புக்கு அவகாசம் தரும்.

குண்டு எறிதலைப் பெரும்பாலோர் புறக்கணிக்கிறார்கள். 50 மதிப்பெண்ணில் 15 அதற்கு உரியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதில் கையின் வலிமையைவிடக் கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் விசையை எழுப்பும் முறையே தூரத்தைத் தருகிறது. நல்ல ஆசிரியரிடம் சில வாரம் கற்றால் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண், ஓட்டத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பெறும் சில விநாடிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று.

உணவும் இரத்தமும்

பயிற்சி உடலைக் கரைக்கும். உணவும் உறக்கமும்தாம் அதனைக் கட்டும். விலை மிகுந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. தாராவியின் சந்துகளில் காலையில் அவியும் இட்லியும் சாம்பாரும் நல்ல உணவே. அவற்றோடு முட்டை, நிலக்கடலை, கொண்டைக்கடலை, கேழ்வரகு, கீரை, வாழைப்பழம் சேர்த்தால் பயிற்சியாளருக்கு வேண்டியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். நீண்ட நேரம் வியர்த்த நாளில் உப்பிட்ட மோரோ எலுமிச்சை நீரோ நல்லது. பெயர் தெரியாத ஊக்க மருந்துகளும் ஊசிகளும் உடலின் களைப்பு உணர்வை மழுங்கச் செய்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிடாமல் தடுக்கின்றன. அவற்றை அறவே விலக்க வேண்டும்.

பெண்கள் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண்களில் 25 சதவீதத்தினருக்கு. இரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் தசைக்குப் பிராணவாயு எட்டாது. எவ்வளவு முயன்றாலும் 800 மீட்டரில் மூச்சு முட்டும். இதனை மனவுறுதிக் குறைவு எனப் பிறர் ஏசுவதும், அப்பெண்ணே நம்பிவிடுவதும் உண்டு. பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு எளிய இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மருத்துவர் கூறும் இரும்புச்சத்து மாத்திரையை உட்கொண்டால் சில மாதங்களில் நிலை மாறும்.

அரிவாள் அணு இரத்தப் பண்பு மற்றொன்று. இது விதர்ப்பப் பகுதியிலும், நீலகிரி உள்ளிட்ட பழங்குடிப் பகுதிகளிலும் காணப்படுகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இப்பண்பைப் பெற்றவர் பொதுவாக நலமாகவே இருப்பார். எனினும் கடும் ஓட்டத்தில் இவர்களுக்குத் தனி ஆபத்து உண்டு என்பதை, அமெரிக்கப் படையில் சேர்ந்தோரைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருவது. தண்ணீர், ஓய்வு, படிப்படியான பயிற்சி ஆகிய முன்னெச்சரிக்கைகள் எல்லா வீரருக்கும் கட்டாயமாக்கப்பட்ட பின், இப்பண்பு உடையோரின் இறப்பு மற்றவரைவிட மிகுதியாக இல்லை என அது கண்டது. தசைச் சிதைவு ஏற்படும் வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தது. யாரையும் விலக்கிவைக்காமல் எல்லோருக்கும் முறையைப் பாதுகாப்பானதாக்குவதே தக்க வழி என்பது இதனால் புலனாகும். 2023-இல் தொடங்கப்பட்ட அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் கீழ்ப் பரிசோதனை வசதிகள் விரிவடைந்துள்ளன. இளைஞர்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிற்க வேண்டிய நேரம்

ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், காரணமற்ற படபடப்பு ஏற்பட்டவர்களும், நெருங்கிய உறவினர் இளவயதில் திடீரென இறந்த குடும்பத்தினரும் மருத்துவரைக் காணாமல் ஓடலாகாது. தாராவியை அடுத்துள்ள சயான் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளிலும், அதற்கு அடுத்த சில நாட்களிலும் ஓடுவது கூடாது.

கூட ஓடும் நண்பர் தள்ளாடினாலும், குழறிப் பேசினாலும், இடம் தெரியாது விழித்தாலும், காரணமின்றிச் சினந்தாலும், அது வெப்பத் தாக்காக இருக்கலாம். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் எண்ணுவது தவறு; ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கில் உடல் நன்கு வியர்த்திருக்கும். உடனே நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றி, பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, இடைவிடாது விசிற வேண்டும். நீர் நிறைந்த பெரிய தொட்டி இருந்தால், தலை மட்டும் வெளியே இருக்குமாறு பிடித்துக்கொண்டு, உடலை அதில் அமிழ்த்துவது எல்லாவற்றினும் சிறந்தது. அதே நேரத்தில் ஒருவர் 108 எண்ணை அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் நீர் புகட்டலாகாது. முதலில் குளிர்வித்தல், பின்னரே கொண்டுசெல்லல் என்பதே இன்று மருத்துவ உலகம் ஏற்ற விதி. முதல் அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பம் தணிக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர்.

தேர்வுக்குப் பின்னும்

தேர்வில் வென்றவுடன் உடற்பயிற்சி முடிந்துவிடுவதில்லை. பயிற்சிப் பள்ளியில் கவாத்தும் ஓட்டமும் மாதக்கணக்கில் தொடரும். தேர்வுக்காக மட்டும் உடலை முறுக்கியவர் அங்கு விரைவில் காயமடைகிறார். அடித்தளம் இட்டவர் நிலைத்து நிற்கிறார். 1971-இல் அமைக்கப்பட்ட காவலர் பயிற்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எம்.எஸ். கோரே. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். காவலர் பயிற்சி மனித இயல்பைப் புரிந்துகொள்ளும் அறிவையும் தர வேண்டும் என அக்குழு வலியுறுத்திற்று. தன் உடலின் எல்லையை மதிக்கக் கற்ற காவலரே பிறர் உடலின் துன்பத்தையும் எளிதில் உணர்வார் என்பது இதனோடு ஒத்த கருத்தாகும்.

பணியில் சேர்ந்த பின் நெடிய பணிநேரம் உடற்பயிற்சிக்கு இடந்தருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்புபவர் எப்போது ஓடுவார்? இக்குறையைக் களையும் நோக்குடன் 2016-ஆம் ஆண்டு அதே தேவ்னார்க் காவல் நிலையத்தில் எட்டு மணி நேரப் பணிமுறை சோதனையாகத் தொடங்கப்பட்டு, 2017 ஜனவரியில் மும்பையின் பிற நிலையங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. காவலரின் உடல்நலம் அவருடைய மனவுறுதியை மட்டும் சார்ந்ததன்று; அவருக்குத் தரப்படும் நேரத்தையும் சார்ந்தது என்பதை அம்முயற்சி ஏற்றுக்கொண்டது.

தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு வேண்டியவை காலமும் இடமும் வழிகாட்டியும். தாராவியில் தமிழர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் பல உள்ளன. அவை ஆண்டுதோறும், தேர்வு அறிவிப்புக்குக் காத்திராமல், ஓர் உடற்கல்வி ஆசிரியரை அமர்த்தி வாரத்தில் மூன்று நாள் கூட்டுப் பயிற்சி நடத்தலாம். பதிவு செய்தோர் யாவருக்கும் இரத்தப் பரிசோதனை ஏற்பாடு செய்யலாம். களத்தில் ஒரு தொட்டி நீரும் முதலுதவி அறிந்த ஒருவரும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. 2004-இல் அரசு ஏற்ற தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேறும்போது வீடுகளோடு ஓடுதளம் கொண்ட மைதானம் ஒன்றும் கணக்கில் கொள்ளப்படுமாயின், அதன் பயன் காவலர் தேர்வுக்குச் செல்வோரோடு நில்லாது அப்பகுதிக் குழந்தைகள் அனைவரையும் சேரும்.

பதினாறு வாரம் பொறுமையாகப் பயின்ற இளைஞர் ஒரு தேர்வில் தோற்றாலும், அவர் சேர்த்த உடல்நலம் அவரிடமே இருக்கும். அடுத்த தேர்வுக்கு அதுவே முதலாகும். ஒரே காலைப் பொழுதில் எல்லாவற்றையும் வென்றுவிடத் துணிந்து ஓடி வீழ்ந்தவருக்கு அடுத்த தேர்வு இல்லை. வீட்டிலிருந்து தேர்வுக் களத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் இதனை எடுத்துச் சொல்வது பெற்றோர், ஆசிரியர், சங்கத்தார் அனைவரின் கடமையாகும்.